வடசென்னையின் புனிதர்கள்: ஜூன் மாதத் திருநாள் பயணம்

ஜூன் 12, வியாழன் – தண்டையார்பேட்டை

கத்தோலிக்கத் திருச்சபை எல்லாப் புனிதர்களின் நாள்களுக்கும் ஒரே இடம் தருவதில்லை. உலகம் முழுவதற்குமான உரோமைத் திருவழிபாட்டு நாள்காட்டியில் பெருவிழா, விழா, நினைவு என்று படிகள் உண்டு. நினைவுகளிலும் கட்டாயம் கொண்டாட வேண்டியவை சில, விரும்பினால் கொண்டாடலாம் என்று விடப்பட்டவை பல. இப்போது நடைமுறையில் இருக்கும் வரிசை, திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் செய்த சீர்திருத்தத்தில் உருவாகி, 1970 ஜனவரி 1 முதல் வழக்கத்துக்கு வந்தது. மக்கள் பெரிதும் நம்பியிருந்த கிறிஸ்தோபர், பார்பரா போன்றோரின் நாள்கள் அப்போது பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டன. அவர்கள் புனிதர்கள் அல்லர் என்று யாரும் சொல்லவில்லை. அந்தந்த ஊர்த் திருச்சபைகள் அவர்களைக் கொண்டாடத் தடையும் விதிக்கப்படவில்லை. பார்பராவின் வரலாற்றுக்கு உறுதியான சான்று இல்லை என்பதும், கிறிஸ்தோபரின் நாள் உரோமை மரபில் பிற்காலத்தில்தான் சேர்ந்தது என்பதுமே காரணம்.

இந்தப் படிகளுக்கும், ஒரு புனிதருக்கு ஒரு தெருவின் மக்கள் தாமே கொடுத்திருக்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஜூன் மாதத்தைத் தேர்ந்துகொண்டதற்கும் காரணம் உண்டு. 13ஆம் தேதி அந்தோணியார் வருகிறார், 29ஆம் தேதி இராயப்பரும் (பேதுரு) சின்னப்பரும் (பவுல்) வருகிறார்கள், இரண்டுக்கும் இடையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. கடலை நம்பி வாழும் இந்தப் பகுதியில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டின்போது அக்கா சொன்னது: "நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பிடு. ஏழு மணிக்கு மேல போனா உள்ள நிக்கவே இடம் இருக்காது."

ஜூன் 13, வெள்ளி – ஆர்மேனியன் தெரு

மண்ணடி மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்தபோது வெளிச்சம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. ஆயினும் ஆர்மேனியன் தெருவை நோக்கிய வழியெங்கும், மல்லிகை மாலையையும் மெழுகுவர்த்திக் கட்டையும் கையில் பிடித்தபடி மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் செல்லும் ஆலயத்தின் முறையான பெயர் புனித மரியன்னை இணைப் பேராலயம். 1952இல் மயிலாப்பூர் மறைமாவட்டமும் சென்னை உயர்மறைமாவட்டமும் ஒன்றாக்கப்பட்டபோது சாந்தோம் ஆலயம் புதிய உயர்மறைமாவட்டத்தின் பேராலயமாயிற்று. அதுவரை சென்னையின் பேராலயமாக இருந்த இந்த ஆலயம் இணைப் பேராலயம் என்ற நிலையைப் பெற்றது. பூ விற்கும் அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒரு கணம் யோசிப்பார். அந்தோணியார் கோயில் என்று கேட்டால் கேள்வி முடிவதற்குள் கையை நீட்டிவிடுவார்.

அந்தோணியார் 1195இல் லிஸ்பனில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பெர்னாந்து. அகுஸ்தினார் சபைத் துறவியாகக் கோயிம்பிரா நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, 1220இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அவர்களைப் போலத் தாமும் உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற வேட்கையில் அவர் பிரான்சிஸ்கன் சபைக்கு மாறினார். மொராக்கோவுக்குக் கப்பலும் ஏறினார். அங்கே மறைசாட்சி மரணம் வாய்க்கவில்லை, நோய்தான் வாய்த்தது. ஊர் திரும்பிய கப்பலையும் புயல் திசைதிருப்பிச் சிசிலித் தீவில் சேர்த்தது. இத்தாலியின் ஒரு மூலையில் யாருக்கும் தெரியாத எளிய துறவியாக இருந்தவர், 1222இல் போர்லி நகரில் நடந்த ஒரு குருத்துவத் திருநிலைப்பாட்டின்போது, உரையாற்ற வேறு யாரும் ஆயத்தமாக இல்லாத நிலையில் மேலாளரின் சொல்லுக்குப் பணிந்து பேசினார். அதன்பின் ஒன்பதே ஆண்டுகள்தான் வாழ்ந்தார். வட இத்தாலியும் தென் பிரான்சும் அவருடைய மறையுரையைக் கேட்கத் திரண்டன. 1231 ஜூன் 13 அன்று, பதுவை நகருக்குள் நுழையும் முன்பே, அதன் புறத்திலிருந்த ஆர்செல்லாவில் உயிர்விட்டார். ஓராண்டுகூட நிறையவில்லை; 1232 மே 30 அன்று ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதர் என்று அறிவித்துவிட்டார். 1946இல் பன்னிரண்டாம் பயஸ் அவருக்கு, போதனையில் சிறந்த புனிதர்களுக்குத் தரப்படும் மறைவல்லுநர் என்ற சிறப்பையும் வழங்கினார்.

இத்தனைக்குப் பிறகும் உரோமை நாள்காட்டியில் அவருடைய நாள் ஒரு நினைவு மட்டுமே. இந்தத் தெருவில் நின்று பார்ப்பவர் யாரும் அதை நம்ப மாட்டார். திருப்பலிகள் ஒன்று முடிய ஒன்று தொடங்க, உள்ளே இருப்பவர்கள் வெளியேறவும் வெளியே இருப்பவர்கள் நுழையவும் ஒரே வாசலில் நெருக்கியடித்தார்கள். குழந்தை இயேசுவையும் லீலி மலரையும் ஏந்திய சுரூபத்தின் முன் வரிசை வளைந்து வளைந்து சென்றது. எனக்கு முன்னால் நின்ற அம்மா கொருக்குப்பேட்டைக்காரர், இந்துக் குடும்பத்தவர். மகனுக்கு வேலை கிடைத்தால் உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொண்டிருந்தார். "வேலை கிடைச்சிடுச்சு தம்பி. சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல?" என்று பொட்டலத்தைக் காட்டினார். தம் மகன் பிழைப்பைப் பற்றிப் பதுவை நகரத்துத் துறவியிடம் பேசுவது அவருக்குச் சிறிதும் விந்தையாகப் படவில்லை.

காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்றே அந்தோணியாரை உலகமெங்கும் அறிகிறார்கள். அவருடைய திருப்பாடல் நூலை எடுத்துச் சென்ற இளம் துறவி ஒருவர் அவருடைய மன்றாட்டால் மனம் மாறித் திருப்பிக் கொடுத்தார் என்ற மரபு அதற்கு அடிப்படை. எனக்கோ அவருடைய வாழ்வின் கடைசித் தவக்காலத்தில் நடந்த இன்னொரு செயல்தான் முதன்மையாகத் தோன்றுகிறது. 1231 மார்ச் மாதத்தில் பதுவை நகராட்சி ஒரு சட்டம் இயற்றியது. கடனைத் தீர்க்க இயலாதவர் தம் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தோணியாரின் வேண்டுகோளால் அது இயற்றப்படுகிறது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வட்டிக்காரர்களை எதிர்த்து அவர் ஆற்றிய மறையுரைகளின் விளைவு அது. தினக்கூலியில் வாழ்ந்து, தண்டல்காரருக்கு நாள்தோறும் பணம் கட்டுகிற மக்கள் இத்தனை பேர் வந்து நிற்கும் ஒரு திருத்தலத்தில், தொலைந்த பொருள்களின் கதையைவிட இந்தக் கதை உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நினைக்கிறேன்.

ஜூன் 14, சனி – காசிமேடு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள். 2017க்கு முன் அது 45 நாள்களாக இருந்தது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான இந்த இடைவெளி, படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வருவாயற்ற இரண்டு மாதம். ஆகவே அந்தோணியார் திருநாள் வரும்போதெல்லாம் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். மறுநாள் நள்ளிரவு தடை நீங்கும். மீனவர் குடும்பங்கள் ஜூன் 13 அன்று அவரிடம் என்ன கேட்டிருக்கும் என்பதை இந்தத் துறைமுகத்துக்கு வந்து பார்த்தால்தான் முழுமையாக விளங்கும்.

மாலை நான்கு மணிக்கு மேல் மீன்பிடித் துறைமுகத்துக்குள் சென்றேன். உடைத்த பனிக்கட்டியைக் கூடைகளில் சுமந்து படகுகளின் அடிப்பகுதியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டீசல் பீப்பாய்கள் உருண்டன; புதிதாகச் சாயம் பூசிய பலகைகளின் மணம் கருவாட்டு மணத்தையும் மீறி வந்தது. ஒரு படகின் ஓட்டுநர் அறையில் வேளாங்கண்ணி மாதா படமும் அந்தோணியார் படமும் மாட்டியிருந்தார்கள். அடுத்த படகில் அங்காள பரமேசுவரி. இரண்டு படகிலும் ஒரே பூக்கடையின் சாமந்தி மாலைகள் தொங்கின.

இத்தாலியின் ரிமினி நகரில் மக்கள் காது கொடுக்க மறுத்தபோது அந்தோணியார் கடற்கரைக்குச் சென்று மீன்களுக்குப் போதித்தார் என்றும், மீன்கள் தலையை நீருக்கு மேல் நீட்டி வரிசையாக நின்று கேட்டன என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அதைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமலேயே கேட்டுவிட்டு, "அவரு கூப்பிட்டா வரும். இன்னிக்கு ராத்திரி எங்களுக்காகவும் கூப்பிடட்டும்" என்றார். எத்தனையோ மறையுரைகளில் இந்தக் கதையை நம்பிக்கையற்ற மனிதருக்கான கண்டனமாகவே கேட்டிருக்கிறேன். இவரோ அதை மன்றாட்டாக மாற்றிக்கொண்டார்.

இரவு பன்னிரண்டு மணி நெருங்கியபோது இயந்திரங்கள் ஒவ்வொன்றாக முழங்கத் தொடங்கின. கரையில் நின்ற பெண்களில் சிலர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்கள். சிலர் கற்பூரம் காட்டினார்கள்.

ஜூன் 16, திங்கள் – பழைய வண்ணாரப்பேட்டை

புனித ரோக்கு ஆலயத்துக்குச் சென்றேன். அவருடைய நாள் ஆகஸ்ட் 16. இன்று திருநாள் ஏதும் இல்லை. ஆயினும் இந்தப் பயணத்தில் அவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், உரோமைப் பொது நாள்காட்டியில் ரோக்குவுக்கு இடமே கிடையாது. ஆகஸ்ட் 16 அன்று அதில் காணப்படும் பெயர் அங்கேரி நாட்டரசர் ஸ்தேவான், அதுவும் விருப்ப நினைவாக. ரோக்குவின் பெயர் மறைசாட்சியர் நூல் எனப்படும் புனிதர்களின் பெரும் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

பிரான்சின் மோன்பெலியே நகரத்தில், 14ஆம் நூற்றாண்டில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர் என்று மரபு சொல்கிறது. சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு உரோமைக்குத் திருப்பயணியாகப் புறப்பட்டார். வழியில் கொள்ளைநோய் தாக்கிய ஊர்களில் தங்கி நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்தார். பியச்சென்சா நகரில் அவருக்கே நோய் கண்டது. பிறருக்குத் தொற்றக் கூடாதென்று காட்டுக்குள் ஒதுங்கியவருக்கு ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்தது. பிழைத்து ஊர் திரும்பியவரை யாரும் அடையாளம் காணவில்லை. ஒற்றன் என்று சிறையிலிட, அங்கேயே இறந்தார். தொடையிலுள்ள புண்ணைக் காட்டியபடி, காலடியில் நாயுடன் அவர் சித்திரிக்கப்படுவது இதனால்தான். 1485 முதல் அவருடைய திருப்பண்டங்களை, அதாவது உடலின் எச்சங்களை, வெனிசு நகரம் காத்துவருகிறது. கப்பல்களோடு கொள்ளைநோயும் வந்திறங்கிய அந்தத் துறைமுக நகரத்துக்கு அவருடைய தேவை எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

சென்னையும் துறைமுக நகரம்தான். 2020இல் பெருந்தொற்று பரவிய மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சியின் மண்டலங்களிலேயே தொற்று மிகுந்திருந்தது இராயபுரம் மண்டலத்தில்தான். தெருக்களைத் தகரத் தட்டிகளால் அடைத்திருந்த அந்த நாள்களை அக்கா இன்றும் விவரிக்கிறார். கோயில்கள் பூட்டப்பட்டிருந்ததால், அன்பியம் எனப்படும் அக்கம்பக்கத்துச் செபக் குழுவைச் சேர்ந்த பெண்கள் கைப்பேசியில் ஒருவரையொருவர் அழைத்துச் செபமாலை சொன்னார்களாம். நோயாளியை விட்டு ஊரே விலகும்போது அவரருகே சென்றவர், தமக்கு நோய் வந்தபோது ஊரைக் காப்பதற்காகத் தாமே விலகியவர் என்ற இந்த இரட்டை நடத்தை, அந்த ஆண்டின் அனுபவத்துக்குப் பிறகு எனக்கு முன்பைவிட ஆழமாகப் புரிகிறது.

பொது நாள்காட்டியில் இல்லாத புனிதருக்கு எப்படித் திருநாள் எடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. திருவழிபாட்டுச் சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஓர் ஆலயம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அவருடைய நாள் அந்த ஆலயத்தின் எல்லைக்குள் பெருவிழா ஆகிறது. உலகம் முழுவதும் ஆகஸ்ட் 16 சாதாரண நாளாகக் கழியும்போது, ரோக்குவின் பெயர் தாங்கிய ஆலயத்தில் மட்டும் அது உயிர்ப்புப் பெருவிழாவும் பெற்றிருக்கும் அதே பெயரைப் பெறுகிறது.

ஜூன் 17, செவ்வாய் – மீண்டும் ஆர்மேனியன் தெரு

1231இல் ஜூன் 13 வெள்ளிக்கிழமையாக இருந்தது. அந்தோணியாரின் உடலை எங்கே அடக்கம் செய்வது என்று எழுந்த பிணக்கு தீர்ந்து, 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பதுவையில் அடக்கம் நடந்தது. செவ்வாய்க்கிழமை அவருக்கு உரியதானது அதிலிருந்துதான். இந்த 2025ஆம் ஆண்டிலும் 13ஆம் தேதி வெள்ளி, 17ஆம் தேதி செவ்வாய் என்று கிழமைகள் அப்படியே அமைந்திருக்கின்றன. திருநாள் முடிந்த நான்காம் நாள்தானே, கூட்டம் குறைந்திருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். நவநாள் மன்றாட்டு தொடங்கியபோது முற்றத்திலும் நிழல் கிடைத்த இடமெல்லாம் மக்கள் நின்றார்கள்.

இந்த ஆலயத்தில் அந்தோணியார் குடிகொண்டதற்குப் பின்னணியாக இருப்பவர்கள் கப்புச்சின் துறவிகள் என்பது என் எண்ணம். அவர்கள் பிரான்சிஸ்கன் குடும்பத்தின் ஒரு கிளை. அந்தோணியார் அவர்களுக்கு மூத்த சகோதரர். சென்னைக்கு வந்த முதல் கப்புச்சின், நெவேர் நகரத்து எப்ரேம் என்னும் பிரெஞ்சுத் துறவி. பர்மாவின் பெகு நாட்டுக்குச் செல்லும் வழியில் 1642இல் இங்கே இறங்கியவரை, கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் தங்கிவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். கோட்டையின் கத்தோலிக்கர் பூசைக்காகப் போர்த்துகீசியரின் சாந்தோமுக்குப் போய்வருவதை ஆங்கிலேயர் விரும்பவில்லை. சாந்தோமிலிருந்த போர்த்துகீசியரோ, தங்கள் அரசரின் மறைபரப்பு உரிமைக்குள் வேற்று நாட்டார் நுழைந்ததாகக் கருதினார்கள். 1649இல் எப்ரேம் சாந்தோமில் பிடிக்கப்பட்டு, கோவாவின் சமய விசாரணை மன்றச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கோல்கொண்டா சுல்தான் வரையில் தலையிட்ட பிறகே விடுதலை கிடைத்தது. திரும்பி வந்து முதுமை வரை சென்னையிலேயே உழைத்தார். அவருக்குப் பீடமும் இல்லை, நாள்காட்டியில் பெயரும் இல்லை.

பிற்பகலில் அங்கிருந்து ஏழுகிணறு வரை நடந்து, போர்ச்சுகீசியர் கோயில் தெருவிலுள்ள விண்ணேற்பு அன்னை ஆலயத்துக்குச் சென்றேன். ஒரே ஜார்ஜ் டவுனுக்குள், ஒரு தெருவில் கோவாவின் வழிவந்த திருச்சபையும் இன்னொரு தெருவில் உரோமையின் மறைபரப்புப் பேராயத்தின் வழிவந்த திருச்சபையும் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனி ஆயர்களின் கீழ் இருந்தன. 1952இன் இணைப்பு அந்தப் பிளவைச் சட்டப்படி முடித்தது. மக்கள் தங்கள் வேண்டுதல்களோடு இரண்டு தெருக்களுக்கும் போய்வந்துகொண்டிருந்ததை எந்த எல்லைக்கோடும் தடுத்திருக்காது என்றே நம்புகிறேன். இங்கே ஆகஸ்ட் 15 பெருநாள். மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதை 1950 நவம்பர் 1 அன்றுதான் பன்னிரண்டாம் பயஸ் மறையுண்மையாக அறிவித்தார். திருநாளோ அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. மக்கள் கொண்டாடியதைத் திருச்சபை பின்னர் வரையறுத்தது.

ஜூன் 21, சனி – பெரம்பூர்

சனிக்கிழமை மாதாவுக்கு உரியது. பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்தில் மாலைத் திருப்பலிக்கு முன்பே லூர்துக் குகையின் மாதிரியாகக் கட்டிய கெபியின் எதிரே பெண்கள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூர்து நகரப் பேராலயத்தைப் போலவே இங்கும் மேல் கோயில், கீழ்க் கோயில் என்று இரண்டு தளங்கள் உண்டு. ரயில்வே பணிமனைகளை நம்பி வளர்ந்த இந்தப் பகுதியில், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து வளர்த்த பக்தி இது.

1858 பிப்ரவரி 11 அன்று, பதினான்கு வயதுச் சிறுமி பெர்னதெத் சுபிரு விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் முதல் காட்சி நிகழ்ந்தது. ஜூலை 16 வரை பதினெட்டு முறை காட்சிகள் தொடர்ந்தன. மார்ச் 25 அன்று "நானே அமல உற்பவம்" என்று அந்தப் பெண்மணி கூறியதாகச் சிறுமி சொன்னபோது, அந்தச் சொற்களின் பொருள் அவளுக்குத் தெரியாது. மரியாளின் அமல உற்பவம், அதாவது அவர் பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானார் என்பது, மறையுண்மையாக அறிவிக்கப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. குடும்பம் அன்று குடியிருந்தது, கைதிகளை அடைத்து வைப்பதற்குக்கூட ஆகாதென்று கைவிடப்பட்ட ஒரு பழைய சிறை அறை. இறைவன் யாரைத் தேர்ந்துகொண்டார் என்பதற்கு அந்த முகவரியே போதும்.

பிற்காலத்தில் பெர்னதெத் கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1879 ஏப்ரல் 16 அன்று நெவேர் நகரில் மறைந்தார். நெவேர் என்று படித்தபோது என் மனம் செவ்வாயன்று நினைத்துக்கொண்ட எப்ரேமிடம் சென்றது. அதே ஊர்தான். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒருவர் சென்னையில் பூசை வைத்தார். அங்கே இறந்த ஒருத்தியின் காட்சிக்குப் பெரம்பூரில் கோயில் எழுந்தது.

பிப்ரவரி 11 உரோமை நாள்காட்டியில் விருப்ப நினைவு. குருவானவர் நினைத்தால் விட்டுவிடலாம். பெரம்பூரில் அன்று கொடியேற்றம், நவநாள், மறையுரை, தேர்பவனி என்று தொடரும் திருவிழாவின் உச்ச நாள். அது உலக நோயாளர் நாளும் ஆகும். இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தினார். இன்று மாலைத் திருப்பலியில் என் அருகே அமர்ந்திருந்தவர் கையில் மருந்துச் சீட்டும் எக்ஸ்ரே உறையும் இருந்தன. ரயில்வே மருத்துவமனையில் மனைவி சேர்க்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். காணிக்கை நேரத்தில் அந்த உறையை மடியிலிருந்து எடுத்து, பீடத்தை நோக்கி ஒரு கணம் உயர்த்திவிட்டு மீண்டும் வைத்துக்கொண்டார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று திருமுழுக்கு யோவான் பிறப்புப் பெருவிழா. புனிதர்களின் நாளாகத் திருச்சபை பெரும்பாலும் கொள்வது அவர்கள் இறந்த நாளை. விண்ணகத்தில் பிறந்த நாள் அதுவே என்பது பழங்கால நம்பிக்கை. மண்ணில் பிறந்த நாளைக் கொண்டாடுவது மூவருக்கு மட்டும்: டிசம்பர் 25இல் இயேசு, செப்டம்பர் 8இல் மரியாள், இன்று யோவான். அக்கா வீட்டுக்கு அருகிலிருந்த காலைத் திருப்பலிக்குச் சென்றேன். படிநிலையில் அந்தோணியாரின் நாளைவிட மிக உயர்ந்த இந்நாளுக்கு, வழக்கமான வார நாள் அளவுக்கே ஆள்கள் வந்திருந்தார்கள்.

ஜூன் 29, ஞாயிறு – இராயபுரம்

புனித இராயப்பர் ஆலயம், கடலில் படகு செலுத்திய குருகுல வம்சத்தாரால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பப்பட்டது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளுநரானாலும் அரிசி மூட்டையானாலும், கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி அலைகளைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். அந்தப் படகுகளைச் செலுத்தியவர்கள் நகரத்தின் வாணிகம் முழுவதையும் தங்கள் தோளில் ஏற்றி இறக்கினார்கள். 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பின் அவர்களுடைய தொழில் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோனது. அவர்கள் கட்டிய கோயில் நிற்கிறது. ஒரு தொழிலாளர் கூட்டம் தன் உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு, தன் தொழிலையே செய்த திருத்தூதருக்கு எழுப்பிய ஆலயம் என்பதால், சென்னையின் பெரிய பேராலயங்களைவிட எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம்.

இன்றைய நாளில் மட்டும் நாள்காட்டியும் தெருவும் ஒன்றுபடுகின்றன. இராயப்பர் சின்னப்பர் நாள் உலகம் முழுவதற்கும் பெருவிழா. 354ஆம் ஆண்டின் உரோமைப் பட்டியலிலேயே ஜூன் 29 இருவருடைய நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் காணும் ஆண்டுக் குறிப்பு, வழக்கத்தை 258 வரை பின்னோக்கிக் கொண்டுசெல்கிறது. ஞாயிறு ஆண்டவருடைய நாள் என்பதால் சாதாரணமாக எந்தப் புனிதருக்கும் இடம் விடுவதில்லை. இந்தப் பெருவிழாவுக்கு, ஆண்டின் பொதுக்கால ஞாயிறே வழிவிடுகிறது. ஆகவே இன்று குருக்கள் பொதுக்காலத்தின் பச்சை உடையை விடுத்து மறைசாட்சியருக்கு உரிய சிவப்பு உடை அணிந்திருந்தார்கள்.

முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரம்: ஏரோது இராயப்பரைச் சிறையிலடைத்து, நான்கு நான்கு பேராக நான்கு காவல் குழுக்களை நிறுத்துகிறான், சங்கிலிகளுக்கிடையே உறங்கிக்கொண்டிருந்தவரை வானதூதர் விலாவில் தட்டி எழுப்புகிறார். நற்செய்தி மத்தேயு 16: திறவுகோல்களைக் கொடுக்கும் பகுதி. நேற்று மாலைத் திருவிழிப்புத் திருப்பலிக்கு உரிய நற்செய்தி வேறு, "நீ என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று மூன்று முறை கேட்கப்படும் யோவான் 21ஆம் அதிகாரம் அது. அதற்குச் சற்று முன்னால்தான், இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் 153 பெரிய மீன்கள் பட்டும் வலை கிழியாத அந்தப் பகுதி வருகிறது. அந்த எண்ணுக்கு மறைநூல் விளக்குநர்கள் எத்தனையோ உட்பொருள் கூறியிருக்கிறார்கள். காசிமேட்டு ஏலக் களத்தைப் பார்த்த பிறகு, அது பழக்கம் உள்ள மீனவர் ஒருவர் எண்ணிச் சொன்ன கணக்கு என்பதே எனக்குப் போதுமானதாகப் படுகிறது. பிடித்ததை எண்ணாமல் எந்த மீனவரும் பங்கு பிரிக்க மாட்டார்.

திருப்பலிக்குப் பின் முற்றத்தில் பேசிக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவர், தம் பாட்டனாரின் தலைமுறை வரை படகில் இருந்ததாகவும், தாம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதாகவும் சொன்னார். அந்தோணியாருக்கு வருகிற கூட்டம் உங்கள் புனிதருக்கு வருவதில்லையே என்று கேட்டேன். "அந்தோணியாரு எல்லாருக்கும் பொது, அவர்கிட்ட எல்லாரும் வருவாங்க. இராயப்பரு எங்க ஆளு" என்றார். மறுதலித்தவர், பயந்து அலைகளில் மூழ்கப் பார்த்தவர், வாள் உருவியவர் என்று அவருடைய குறைகளையெல்லாம் நற்செய்தி மறைக்காமல் எழுதிவைத்திருப்பதைக் குறிப்பிட்டேன். வீட்டு மனிதர் ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல அவர் தலையசைத்துக்கொண்டார். அடுத்து நடக்க வேண்டியவற்றுக்கான பணப் பொறுப்பைப் பற்றி மற்றவர்கள் அவரை அழைக்கவே, விடைபெற்றுக்கொண்டு போனார்.

அக்காவின் தெருவிலிருந்து ஆலயம் நடக்கும் தொலைவுதான் என்பதால் வந்த வழியே நடந்து திரும்பினேன். ஜூலை 3 தோமையார் நாள். அதற்குச் செல்ல வேண்டிய பரங்கிமலை நகரத்தின் தெற்கில் இருக்கிறது. வடக்கே வர விரும்பும் நண்பர்களுக்காகக் குறித்துவைக்கிறேன்: 2026இல் அந்தோணியார் திருநாள் சனிக்கிழமையில் வருகிறது, தடைக்காலம் மறுநாள் ஞாயிறு நள்ளிரவில் முடிகிறது. காலையில் ஆர்மேனியன் தெருவையும் அடுத்த நாள் இரவு காசிமேட்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம். இராயப்பர் நாள் திங்கட்கிழமையாதலால், வேலைக்குச் செல்வோர் ஞாயிறு மாலைத் திருவிழிப்புத் திருப்பலிக்கு வரலாம். கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறி இராயபுரத்தில் இறங்கிக்கொள்ள வேண்டும்.